ஒன்றரை நூல் கோணல்

முள்ளுச்செவலில் வானம் பொய்த்த வருஷம், ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாகச் சேற்றைக் காட்டி, பிறகு சேறும் காய்ந்து வெடிப்பைக் காட்டி, கடைசியில் ஓணான்கள் ஏறி இறங்கும் வெறுங்குழிகளாகிப் போன கோடையில், ஊருக்கு மேற்கே சீனியம்மாள் வெட்டிய புதுக்கிணறு ஒருநாள் காலையில் முழு வட்டமாக ஆகியிருந்தது.

கிணறு என்றால் வட்டமாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். அந்த ஊரிலும் எல்லாக் கிணறுகளையும் வட்டக்கிணறு என்றுதான் சொன்னார்கள். ஆனால் பள்ளிக்கூடத்துக் கிணறு வடக்குப் பக்கம் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி பிதுங்கியிருக்கும், கோவில் கிணறு கல் சரிந்து முட்டை போல நீண்டிருக்கும், வெயிலுமுத்து தோட்டத்துக் கிணற்றைப் பார்த்தால் யாரோ கோபத்தில் கடித்துவிட்டு வைத்த வடை மாதிரி இருக்கும். சீனியம்மாள் கிணறு அப்படி இல்லை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுபோலவே இருந்தது; ஒரு மணல் அளவு கூடுதல் இல்லை, ஒரு மயிரிழை குறைவு இல்லை; அதன் விளிம்பில் பார்வையை வைத்தால் பார்வை எங்கேயும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டே போய், வைத்த இடத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தது. உள்ளே, கைக்கு எட்டுகிற உயரத்தில், கண்ணாடி மாதிரி தண்ணீர் நின்றது.

சீனியம்மாளும் அவள் புருஷன் பெத்துராஜும் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தே பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, அதற்கு முந்தின வருஷம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. சீனியம்மாள் அதிகம் பேசாதவள், மனசில் பட்டதைச் செய்து முடித்த பிறகு சொல்கிறவள். பெத்துராஜ் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், மறுபடி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். அன்றைக்குக் காலையில் கிணற்றை முதலில் பார்த்தவன் அவன்தான். பார்த்ததும் அவனுக்குத் தண்ணீர் வந்த சந்தோஷம் வரவில்லை. யாரோ ராத்திரி வந்து போயிருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் வந்தது. தோளில் கிடந்த துண்டை விளிம்பில் வைத்துவிட்டு, கால்தடம் ஏதாவது கிடக்கிறதா என்று கிணற்றைச் சுற்றி வந்தான். காற்றில் துண்டு நழுவி உள்ளே விழுந்துவிட்டது. அடையாளம் போனதும் எங்கிருந்து கிளம்பினோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஒரு மூலை இல்லை, ஒரு பிதுக்கல் இல்லை, இதோ இந்தக் கல்தான் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சீனியம்மாள் வந்து கையைப் பிடித்து நிறுத்துகிற வரைக்கும் அவன் சுற்றிக்கொண்டே இருந்தான்.

கிணறு வெட்ட வந்த ஆட்கள் வெளியூர்க்காரர்கள். முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் கைப்பிடிச் சுவரைக் கட்டி, சிமெண்டு பூசி, கோணலும் மாணலுமாக விட்டுவிட்டுத்தான் படுக்கப் போயிருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி ஆண்டியப்பன் விளிம்பைத் தொடக்கூட இல்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இது எங்க வேலை இல்லம்மா."

"நீங்கதான கட்டுனீங்க?"

"கட்டுனோம். ஆனா இப்படிக் கட்டலை. எங்க கை எங்களுக்குத் தெரியாதா?"

அவர்கள் கடப்பாரையையும் கூடையையும்கூட எடுக்காமல் போய்விட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் அவர்களைப் பார்க்கவில்லை.

செய்தி கேட்டு ஊர் வந்தது. வந்தவர்கள் யாரும் குடம் கொண்டு வரவில்லை, அது கவனிக்க வேண்டிய விஷயம். சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தர் ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கிணற்றின் நட்டநடுவில் போட்டார். அலை வட்டமாக விரிந்து நாலு பக்கமும் ஒரே நேரத்தில் சுவரில் மோதி, ஒரே நேரத்தில் திரும்பி, நடுவில் வந்து கூடி, கல் விழுந்த இடத்தில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கிக் காட்டியது. பிறகு அந்த விரல் அமுங்கி, அலை மறுபடி விரிந்து, மறுபடி கூடி, மறுபடி விரல் எழுந்தது. வேறு கிணறாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கியிருக்கும். இது அடங்கவில்லை. மத்தியானம் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தவர்களுக்கும் அந்த விரல் எழுந்து எழுந்து அமுங்கிக்கொண்டிருந்தது. வாளியைப் போட்டு இறைத்துக் கலக்கிவிட்ட பிறகுதான் நின்றது.

"யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு" என்று ஒரு பொம்பளை சொன்னாள். அன்றோடு அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை என்று ஊர் முடிவு செய்துகொண்டது. கூட்டம் போட்டுச் செய்த முடிவு இல்லை. ஒவ்வொருத்தரும் அடுத்தவர் முதலில் குடிக்கட்டும் என்று காத்திருந்ததில் தானாக வந்த முடிவு.

சந்தேகம் முதலில் கிணற்றின் மேல்தான் இருந்தது. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் எவனோ ஒரு கம்பெனிக்காரனுக்காக நிலத்தில் போட்ட அடையாளம் இது என்றார்கள். கொஞ்ச நாளில் ஆள் வருவான், வேலி போடுவான், நம்மை வெளியே போகச் சொல்வான் என்றார்கள். அடியில் பெரிய பாறைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது, அது சுத்துப்பட்டுத் தண்ணீரையெல்லாம் உறிஞ்சுகிறது என்றார்கள். பிறகு சந்தேகம் கிணற்றைவிட்டு நகர்ந்து சீனியம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தது. இத்தனை வருஷம் வெளியூரில் இருந்தவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள், வந்ததும் வீட்டை எடுத்துக் கட்டாமல் ஏன் கிணற்றை வெட்டினார்கள், ஊரே காய்ந்து கிடக்கும்போது இவளுக்கு மட்டும் எப்படி ஊற்றுக்கண் திறந்தது என்று கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் பேசினார்கள். அவள் வந்தால் பேச்சு நின்றது.

சீனியம்மாள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள். நல்ல ருசியான தண்ணீர். பெத்துராஜ் அதைக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அவள் குடித்து நெடுநேரம் ஆன பிறகுதான் குடித்தான்.

ஊர்க்காரர்கள் ஒரு கோழிக்கு அந்தத் தண்ணீரை வைத்துப் பார்த்தார்கள். கோழி குடித்தது, திரிந்தது, முட்டையிட்டது. முட்டை உருண்டையாக வரும் என்று எதிர்பார்த்தார்கள்; முட்டை முட்டை மாதிரியே வந்தது. ஆபத்தில்லை என்றுதானே நினைக்க வேண்டும்? அப்படி நினைக்கவில்லை. "எதையோ மறைக்குது" என்றார்கள். அந்த முட்டையை அவிக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை, அடைக்கு வைக்கவும் வரவில்லை.

எல்லாரையும்விட அதிகம் சந்தேகப்பட்டவர் வெயிலுமுத்து. சீனியம்மாள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவருடையது. நடுவே ஒரு வரப்புதான். அவருடைய கிணற்றில் கடைசியாக மிச்சமிருந்த ஒரு முழம் தண்ணீரும் அந்த வாரம்தான் வற்றியது. அது எப்படியும் வற்றியிருக்கும், ஆனால் அந்த வாரம் வற்றியது. கெட்ட மனுஷன் இல்லை. ஊரில் ஒரு சாவு என்றால் முதலில் போய்ப் பந்தல் கால் ஊன்றுகிறவர். இருந்தாலும் தன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண்ணுக்கு நேரே அந்த வட்டம் தெரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் நாலைந்து ஆட்களோடு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, கையில கடப்பாரை?" என்றாள் சீனியம்மாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு கல்லு பேத்துப் பாக்கப் போறேன். மனுஷன் கட்டுனதுன்னா பேரும். பேந்துருச்சுன்னா நான் பேச மாட்டேன்."

"பேராட்டி?"

"அப்புறம் பேசுவோம்."

அவள் குறுக்கே நிற்கவில்லை. பெத்துராஜ் மட்டும் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். வெயிலுமுத்து காலை அகட்டி நின்று விளிம்பில் ஓங்கி ஒரு போடு போட்டார். எல்லாரும் பார்க்கக் கல்லில் ஒரு சில்லு பெயர்ந்து தெறித்து அவர் காலடியில் விழுந்தது. அவர் சிரித்தபடி அதைக் குனிந்து எடுத்தார். பிறகு எங்கிருந்து பெயர்ந்தது என்று பார்த்தார். எங்கிருந்தும் பெயர்ந்திருக்கவில்லை. அடி விழுந்த இடத்தைத் தடவினார், பக்கத்தில் தடவினார், கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தடவிக்கொண்டே போய் எதிர்ப்பக்கத்தில் ஒருத்தர் மேல் ஒருத்தர் முட்டிக்கொண்டார்கள். சில்லு கையில் இருந்தது, அது இருந்த இடம்தான் கிணற்றில் இல்லை. வெயிலுமுத்து அந்தச் சில்லைத் தேள் மாதிரி கீழே போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வரப்பேறிப் போனார்.

அதன் பிறகு பெத்துராஜுக்குத் தூக்கம் போயிற்று. படித்தவர் யாராவது வந்து பார்க்கட்டும் என்று டவுனுக்குப் போய், பாலிடெக்னிக்கில் சர்வே பாடம் நடத்துகிற எபனேசர் என்பவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தான். எபனேசர் மெலிந்த, சுத்தமாகச் சட்டையை உள்ளே விட்டிருக்கிற மனிதர். தலை நரைத்த இந்த வயது வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் போர்டில் ஒரு வட்டம் போட்டு, "இது வட்டம் இல்லை. காம்பஸால் போட்டாலும் வட்டம் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் முள்வேலி மாதிரி இருக்கும். உண்மையான வட்டம் மனசுக்குள்ளதான் இருக்கு, உலகத்துல கிடையாது. அதனாலதான் நமக்கெல்லாம் வேலை இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பவர்.

அவர் எஃகு டேப்பால் குறுக்கே அளந்தார். கொஞ்சம் நகர்ந்து மறுபடி அளந்தார். சுற்றிச் சுற்றி அளந்தார். பிறகு பையிலிருந்து சிவப்பு வெளிச்சம் அடித்து அளக்கிற கருவியை எடுத்தார். கருவி எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டியது. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற கடைசி இலக்கம்கூட மாறவில்லை. அவர் முதலில் கருவியைச் சந்தேகப்பட்டார். பக்கத்தில் இருந்த தென்னை மரத்துக்கு வைத்துப் பார்த்தார், அங்கே சரியாக ஆடி ஆடித்தான் காட்டியது. பிறகு வெயிலைச் சந்தேகப்பட்டார். பிறகு தன் கண்ணைச் சந்தேகப்பட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் வேட்டி கட்டிய ஆள் மாதிரி மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சீனியம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள்.

"அம்மா, இப்படி ஒண்ணு இருக்க முடியாது" என்றார்.

"இருக்குதே சார்."

"அதான் எனக்கு யோசனையா இருக்கு. தப்பு இல்லாம ஒரு பொருள் இருக்காது. நான் பார்த்ததெல்லாம் அப்படித்தான். ஒரு பேரிங் உருண்டையை எடுத்தாலும், ஒரு வளையலை எடுத்தாலும், நல்லா அளந்தா ஒரு இடத்துல தப்பு வந்துரும். அந்தத் தப்பு எவ்வளவுன்னு கண்டுபிடிக்கத்தான் நான் சொல்லிக் குடுக்கிறேன்."

"இதுல தப்பு இல்லையா?"

"இல்லம்மா. தேடிப் பார்த்துட்டேன்."

"தப்பு இல்லைன்னா நல்லதுதான சார்?"

எபனேசர் அவளைப் பார்த்தார். செம்பைத் தூக்கி உதட்டருகே கொண்டுபோனவர், குடிக்காமல் அப்படியே கீழே வைத்தார். அதைத் தென்னைக்குப் பின்னால் நின்ற ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். அளந்தவரே குடிக்கவில்லை என்ற பேச்சு அவர் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

கோடை முற்றியது. தண்ணீர் லாரி வருவது குறைந்தது, பிறகு வந்தபோது வந்தது. பொம்பளைகள் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கல் குவாரிப் பள்ளத்தில் கிடந்த பச்சைத் தண்ணீரை எடுக்க மொட்டை வெயிலில் வரிசையாகப் போனார்கள். போகிற பாதை சீனியம்மாள் கிணற்றை ஒட்டித்தான் போனது. கிணற்றருகே வரும்போது எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். "எடுத்துக்கோங்க தாயி, எடுத்துக்கோங்க" என்று சீனியம்மாள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் கூப்பிடக் கூப்பிட அவர்கள் நடை வேகமானது. இப்படி வலிய வந்து கூப்பிடுகிறாளே, என்ன காரணம் என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது. குவாரித் தண்ணீரைக் குடித்து ஊரில் வயிற்றுப்போக்கு வந்தது. ஒரு பெரியவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கும் காற்றைக் குறை சொன்னார்களே தவிர குவாரியைச் சொல்லவில்லை. குவாரிப் பள்ளம் பார்க்கக் கேவலமாக இருந்தது, அதனால் அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வெயிலுமுத்துவின் மருமகள் பொன்னுத்தாய் கைக்குழந்தைக்காரி. குழந்தையின் உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்து, கழுத்து மடிப்பில் புண்ணாகி, தொட்டால் வீறிட்டது. ஒருநாள் மத்தியானம், ஊர் வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நேரம், அவள் இடுப்பில் குடத்தோடு வரப்பைத் தாண்டி வந்தாள். சீனியம்மாள் ஒன்றும் கேட்காமல் வாளியை விட்டு இறைத்து ஊற்றினாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு பொன்னுத்தாய் பாதி வரப்பு போயிருப்பாள், வெயிலுமுத்து எதிரே வந்து நின்றார்.

"கீழே ஊத்து."

"மாமா, பிள்ளைக்கு ஒரு முழுக்கு..."

"ஊத்துன்னேன்."

அவள் ஊற்றவில்லை. அவரே குடத்தைப் பிடுங்கிக் கவிழ்த்தார். காய்ந்த மண் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டது. மண்ணில் தண்ணீர் மறைந்த இடத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது முளைக்குமோ, புகையுமோ என்று பார்த்திருக்கலாம். "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன் தாயி, என் மகனுக்கு என்ன பதில் சொல்லுவேன்" என்று சொல்லிக்கொண்டே வெறும் குடத்தை அவள் கையில் திணித்தார். பயம்தான் அவரை அப்படிச் செய்ய வைத்தது என்பது பொன்னுத்தாய்க்கும் தெரிந்தது, தள்ளி நின்ற சீனியம்மாளுக்கும் தெரிந்தது.

அவர் போன பிறகு பொன்னுத்தாய் வெறும் குடத்தோடு திரும்பி வந்து கிணற்றடி நிழலில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று சீனியம்மாள் நினைத்தாள். அவள் அழவில்லை.

"சித்தி, ஒண்ணு சொல்லட்டுமா. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாதுன்னு சொன்னாங்க. எங்கய்யா முகமே சரியில்லை. அதெப்படி ஒரு பழக்கமும் இருக்காது, எதையோ மறைக்காங்கன்னு பேச்சையே முறிச்சு விடப் பாத்தாரு. அப்புறம் தரகர் வந்து, எப்பவாச்சும் ஒரு பீடி குடிப்பாருன்னு காதுல சொன்னாரு. அதுக்கப்புறம்தான் எங்கய்யா சிரிச்சாரு, தட்டை மாத்துனாரு."

"உன் புருஷன் பீடி குடிப்பானா?"

"அவருக்குப் பீடி வாடையே ஆகாது சித்தி."

கிணற்றுத் தண்ணீர் அசையாமல் நின்றது.

சீனியம்மாள் அந்த வட்டத்தை நேசித்தாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். யாரிடமும் அவள் சொன்னதில்லை. பிறந்தது முதல் அவள் பார்த்ததெல்லாம் ஒடுங்கிய பாத்திரம், கோணிய கதவு, ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு. திருப்பூரில் இருந்த வீட்டின் தரை சரிந்து கிடந்ததில் இத்தனை வருஷமும் அவர்கள் தலைமாட்டை மாற்றி மாற்றிப் படுத்தார்கள். கடைசியில் உலகத்தில் ஒரே ஒரு பொருள் குறையில்லாமல் அவளுடைய மண்ணில் வந்து நின்றது. ஆள் இல்லாத நேரத்தில் உள்ளங்கையை விளிம்பில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி வருவாள். கை எங்கேயும் தட்டாது. அப்போது அவளுக்குள்ளும் எதுவும் தட்டாமல் இருக்கும்.

மறுநாள் காலையில், குவாரிக்குப் போகிற பொம்பளைகள் கிணற்றை நெருங்குகிற நேரம் பார்த்து, அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமாகத் திட்ட ஆரம்பித்தாள். "பாவிப்பயலுக, இப்படியா கட்டுவானுக? கண்ணு தெரியாதவன்கூட ஒழுங்காக் கட்டுவானே. ஊரெல்லாம் வட்டம் வட்டம்னு சொல்லுது, வந்து பாருங்க இந்த லட்சணத்தை! கிழக்கால ஒரு நூலு உள்ள தள்ளிக் கிடக்கு!"

நூல் என்பது கொத்தனார் கணக்கு; அரைக்கால் அங்குலம். பொம்பளைகள் நின்றார்கள். ஒருத்தி குடத்தைக் கீழே வைத்தாள். சத்தம் கேட்டு ஆம்பளைகளும் வந்தார்கள். வெயிலுமுத்துவும் வந்தார். அவள் காட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள், பாதிப் பேர் இல்லாத மாதிரி இருக்கிறது என்றார்கள். வெயிலுமுத்து கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

"எனக்குத் தட்டுப்படலை. அந்த அளவுகாரரு வரட்டும். அவரு அளந்து, கோணல் இருக்குன்னு வாயால சொன்னா நானே முதல்ல குடிக்கேன்."

இதைச் சீனியம்மாள் நினைத்துப் பார்க்கவில்லை. பெத்துராஜ் அதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். மனைவி சொல்வது உண்மையா என்று அவனுக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

பொழுது சாய்வதற்கு முன்னால் எபனேசர் வந்தார். ஊர் முழுக்க அங்கே நின்றது. வழி நெடுகப் பெத்துராஜ் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், அவர் முகம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வெளுத்திருந்தது. சீனியம்மாள் அவரிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேச முடியவில்லை. வெயிலுமுத்து அவர் தோளோடு தோளாக நடந்து வந்தார்.

எபனேசர் கிழக்குப் பக்கம் டேப்பை வைத்தார். மறுமுனையைப் பெத்துராஜ் பிடித்தான். எண்ணைப் பார்த்தார். பிறகு தெற்கே போய் வைத்துப் பார்த்தார். மறுபடி கிழக்கே வந்தார். எதற்கோ நேரம் கடத்துகிற மாதிரி டேப்பைத் துணியால் துடைத்தார். யாரும் மூச்சு விடவில்லை. வரிசையாகக் காலிக் குடங்கள் வாயைத் திறந்துகொண்டு இருந்தன. பொன்னுத்தாய் தோளில் கிடந்த குழந்தை சிணுங்கியது. அதன் கழுத்துப் புண்ணில் உட்கார வந்த ஈயை அவள் ஊதி ஊதி விரட்டிக்கொண்டிருந்தாள். எபனேசர் அதைப் பார்த்தார்.

"என்ன சார் சொல்லுது டேப்பு?" என்றார் வெயிலுமுத்து.

எபனேசர் டேப்பைச் சுருட்டினார். சுருட்டி முடித்துப் பையில் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"அந்தம்மா சொன்னது தப்பு."

பெத்துராஜ் திரும்பி மனைவியைப் பார்த்தான். சீனியம்மாள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நூல் இல்லை" என்றார் எபனேசர். "ஒன்றரை நூல் கோணல்."

அப்போது ஊர் விட்ட மூச்சில் தண்ணீரே லேசாகச் சிலிர்த்தது என்று பிற்பாடு சொன்னார்கள். முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஒன்றரை நூலா, ஒன்றரை நூலு கோணலா, அந்த மேஸ்திரிப் பயலைக் கையைக் காலைக் கட்டி வைத்திருக்க வேண்டாமா, நான் அன்றைக்கே சொன்னேனே, பார்த்த உடனே எனக்குப் பட்டதே என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு கிழக்குப் பக்கத்தைத் தடவினார்கள். இப்போது எல்லார் கைக்கும் அது தட்டுப்பட்டது. வெயிலுமுத்து ஒருமுறை தடவி, இன்னொரு முறை தடவி, "ஆமா, நல்லாவே தெரியுது, முன்னாடி கை வேர்த்திருந்துச்சு" என்றார். சொன்ன சொல் தவறாமல் முதல் வாளியை அவரே இறைத்து, இரண்டு கையையும் குவித்துக் குடித்தார். குடித்துவிட்டு, ஈரக்கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். அது கண்ணை விரித்து அவரைப் பார்த்தது.

குடங்கள் நிறைந்துகொண்டிருந்த சந்தடியில் எபனேசர் தானும் ஒரு செம்பு வாங்கி நின்றபடியே முழுக்கக் குடித்தார். கிளம்பும்போது சீனியம்மாள் பாதை வரைக்கும் கூட வந்தாள்.

"சார், நீங்க..."

"இனிமே என்னை இதை அளக்கக் கூப்பிடாதீங்கம்மா" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "வர்ற வாரம் காலேஜ் திறக்குது. முதல் வகுப்புல பிள்ளைங்ககிட்ட நான் அதே பேச்சைப் பேசியாகணும்."

"பேசுவீங்களா?"

"பேசுவேன். முன்னாடி தெரியாமப் பேசுனேன். இப்பத் தெரிஞ்சே பேசுறேன்." பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

பெத்துராஜ் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மனைவியைக் கேட்டான்: "உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு, கிழக்காலன்னு?" அவள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "தடவுனா தெரியுது" என்றாள். அவன் அவளை நம்பினானா என்பது அவனுக்கே தெரியாது. ஆனால் அன்றிலிருந்து தண்ணீரைக் கொதிக்க வைப்பதை நிறுத்திவிட்டான்.

மழை அடுத்த வருஷம் வந்தது, மற்றக் கிணறுகளும் ஊறின. ஆனாலும் ஊர் சீனியம்மாள் கிணற்றுக்கே வந்தது. வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வாளியை விடுவதற்கு முன்னால் கிழக்குப் பக்கத்தில் அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார்கள், கோணல் இருக்கிறதா என்று. இருக்கிறது என்று தெரிந்த பிறகு இறைப்பார்கள். புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்கு மாமியார்கள் அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தார்கள். விருந்தாளி வந்தால் வெயிலுமுத்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, "இங்க வச்சுப் பாருங்க, தெரியுதா, நம்ம ஊர்ல முதல்ல கண்டுபிடிச்சது நான்தான்" என்பார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. அது ஒன்றரை நூல்தானா, இரண்டு இருக்குமா என்று.

சீனியம்மாள் மட்டும் ஆள் இல்லாத நேரத்தில் பழையபடி விளிம்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். தான் சொன்னது பொய் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள அவளுக்கு அது வேண்டியிருந்தது. கை வழுக்கிக்கொண்டு போய்த் தொடங்கிய இடத்துக்கு வரும், மனசு அடங்கும். பல வருஷங்கள் அப்படித்தான் போயின. அவள் தலையும் நரைத்தது.

ஒரு தை மாதத்துக் காலையில் கை கிழக்கே வந்தபோது இறங்கியது.

அவள் நின்றாள். கையை எடுத்துச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். கல் அங்கே வழவழவென்று குழிந்திருந்தது. கடப்பாரைக்கு இடம் கொடுக்காத கல், இத்தனை வருஷமாக வந்தவர் போனவர் எல்லாரும் இருக்கிறதா இருக்கிறதா என்று தடவியதில் தேய்ந்திருந்தது. அல்லது தேயவே இல்லையோ, இவ்வளவு பேர் சொல்கிறார்களே என்று அதுவாகவே விட்டுக் கொடுத்துவிட்டதோ. அல்லது அன்றைக்கே அது அங்கே இருந்து, அவள்தான் ஆசையில் பார்க்காமல் விட்டாளோ. முதல்முறையாக அவளுக்குத் தன் கையின் மேலேயே சந்தேகம் வந்தது. இன்னொரு முறை சுற்றி வந்தாள். மறுபடி கை இறங்கியது. பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு பிள்ளை வளர்ந்து, எல்லாப் பிள்ளைகளையும் போல ஆகிப் போனது மாதிரி அவளுக்கு இருந்தது.

பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. பொன்னுத்தாய் இரண்டு குடங்களோடு வந்துகொண்டிருந்தாள். பேசிக்கொண்டே வாளியை விட்டு இறைத்து ஒரு குடத்தை நிரப்பினாள், இன்னொன்றை நிரப்புவதற்காக முதல் குடத்தைத் தூக்கி, பார்க்காமலே, கிழக்கு விளிம்பில் அந்தக் குழிவில் வைத்தாள். குடம் ஒரு தடவை அசைந்து, பொருந்தி, அப்படியே நின்றது.

"இங்கன வச்சாத்தான் சித்தி குடம் சரியா உக்காருது" என்றாள்.

சீனியம்மாள் ஒரு கையால் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "நீ இறை, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றாள்.